கிருமியும் நோயும்: எயிட்ஸ் வரலாற்றில் ஒரு வழக்கு

எயிட்ஸ், எச்.ஐ.வி. என்னும் இரு பெயர்களையும் நம்மிற் பலர் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்து வழங்குகின்றோம். பின்னது கிருமி, முன்னது அக்கிருமி நெடுங்காலம் உள்ளிருந்து விளைக்கும் நோய்நிலை. இவ்வுறவு எவ்வாறு அறியப்பட்டது என்பதையும், ஓர் அரசு அதனை ஐயுற்றபோது யாது நேர்ந்தது என்பதையும் ஈண்டு நோக்குவாம்.

1981ஆம் ஆண்டு யூன் 5ஆந் திகதி அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தின் வாராந்த அறிக்கையிலே ஒரு சிறு குறிப்பு வெளிவந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முன்பு சுகதேகிகளாயிருந்த ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நுரையீரல் அழற்சி கண்டிருந்தது. நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவர்களையே பெரும்பாலும் பற்றும் நோய் அது. ஐவரும் தன்னினச் சேர்க்கையாளர் ஆதலின், அவர்தம் வாழ்க்கை முறையே காரணமெனப் பலர் முடிவுகட்டினர். 1982இலே அந்நிலைக்கு எயிட்ஸ் என்று பெயரிடப்பட்டது. அவ்வாண்டிலேயே இரத்தம் உறையாப் பிணியுடையோருக்கும், இரத்தம் ஏற்றப்பெற்ற ஒரு பச்சிளங் குழந்தைக்கும் அதே நோய் கண்டது. குழந்தைக்கு ஏது வாழ்க்கை முறை? இரத்தத்தோடு வரும் ஏதோ ஒன்றே காரணம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

1983இலே பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிறுவகத்தில் பிரான்சுவாஸ் பரே-சினூசி அம்மையாரும் லூக் மொன்டாக்னியரும் அவ்வைரசைக் கண்டனர். அதுவே எயிட்சின் காரணம் என்பதை 1984இல் அமெரிக்கரான றொபேட் கலோ குழுவினர் வலியுறுத்தினர். 1985இல் இரத்தப் பரிசோதனை வந்தது, 1986இல் எச்.ஐ.வி. என்னும் பெயர் நிலைத்தது.

பரிசோதனை வந்த பின்னரே மெய்ந்நிலை விளங்கிற்று. நோயெதிர்ப்பை நடத்தும் ஒருவகை வெண்குருதிக் கலங்களுக்குட் புகுந்து இக்கிருமி பெருகி அவற்றை அழிக்கின்றது. அக்கலங்கள் ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 200க்குக் கீழே குறைந்தால், அல்லது அத்தகைய அபூர்வ நோய்கள் பற்றினால், அதனையே எயிட்ஸ் என்கின்றனர். மருந்தில்லையேல் இந்நிலையை அடையச் சராசரி பத்தாண்டு செல்லும். இடையில் அவர் நம்மைப் போலவே நடமாடுவார். 1986இலே சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் அந்நகரப் பெண்கள் சிலரின் இரத்தத்திலேதான் இந்தியாவில் இக்கிருமி இருப்பதை முதன்முதற் கண்டறிந்தனர்.

இந்த நீண்ட இடைவெளியே மறுப்பாளருக்கு வாய்ப்பாயிற்று. கிருமியுடையோர் பல்லாண்டு நலமாயிருக்கின்றனரே, அது தீங்கற்றது என்று கலிபோர்ணியப் பேராசிரியர் பீற்றர் டூஸ்பேர்க் 1987 முதல் வாதித்தார். கேள்வி கேட்டது குற்றமன்று. ஆனால் விடையும் வந்தது. பிரித்தானியாவில் இரத்தம் உறையாப் பிணி கடுமையாயுள்ளோர் பற்றிய ஆய்வு 1995இல் வெளியாயிற்று. கிருமி தொற்றாதோரில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 8 பேர் இறந்தனர்; தொற்றியோரில் அது 1991-92இல் 81ஆக உயர்ந்திருந்தது. பிணி ஒன்றே, வேறுபாடு கிருமியே. 1996 முதல் மும்மருந்துச் சிகிச்சை கிருமியை அடக்கியதும் எயிட்ஸ் மரணங்களும் வீழ்ந்தன.

அதன் பின்னரும் தென்னாபிரிக்க அதிபர் தாபோ உம்பெக்கி அவ்வாதத்துக்குச் செவிசாய்த்தார். 2000ஆம் ஆண்டு டேர்பன் மாநாட்டை ஒட்டி ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் வைத்தியர்களும் எச்.ஐ.வி.யே எயிட்சின் காரணம் என்று கையொப்பமிட்டனர். அரசு அசையவில்லை. சுகாதார அமைச்சர் உள்ளி, பீற்றூட், எலுமிச்சை என்பவற்றைப் பரிந்துரைத்தார். உள்ளி நல்ல பண்டந்தான். வைரசை அது தடுக்காது. மருந்து தாமதித்தமையால் மூன்று இலட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் இழக்கப்பட்டன என்று ஹாவர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008இல் மதிப்பிட்டனர். நோபல் பரிசு பரே-சினூசிக்கும் மொன்டாக்னியருக்கும் கிடைத்ததும் அதே ஆண்டிலேதான்.

கருவுற்ற தாய்மாருக்கு மருந்து வழங்குமாறு அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2002இல் ஆணையிட வேண்டியதாயிற்று. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று நமது இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இலே உறுதிப்படுத்தியது.