நினைவைக் காப்பது யார்? ரூட் பிராசஸர் மாற்றமும் பிஜிபி அமர்வின் தொடர்ச்சியும்

1. சிக்கல் எங்கே இருக்கிறது

பெரிய ரூட்டர் ஒன்றுக்குள் இரண்டு வேலைகள் தனித்தனியே நடக்கின்றன. அண்டை ரூட்டர்களோடு பேசி வழிகளைக் கணக்கிடுவது ரூட் பிராசஸர் என்னும் பலகை. பாக்கெட்டுகளை வாங்கி அனுப்புவது லைன் கார்டுகள். அதற்கு வேண்டிய அட்டவணையின் நகல் அவற்றிடமே உண்டு. ஆகவே ரூட் பிராசஸர் நின்றுபோனாலும், கடைசியாகக் கிடைத்த அட்டவணையை வைத்து லைன் கார்டுகள் போக்குவரத்தைத் தொடர முடியும். இரண்டாவது ரூட் பிராசஸர் ஒன்று தயார் நிலையில் காத்திருக்கும். லைன் கார்டுகளை மறுதொடக்கம் செய்யாமலே அது பொறுப்பேற்கும். சிஸ்கோ இந்த ஏற்பாட்டை எஸ்எஸ்ஓ என்றும் ஜூனிப்பர் ஜிஆர்இஎஸ் என்றும் அழைக்கின்றன.

இவ்வளவு இருந்தும் சேவை அறுந்துபோகலாம். ரூட்டர்கள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையான பிஜிபியின் அமர்வு ஒரு டிசிபி இணைப்பின் மேல் ஓடுகிறது. அது அறுந்தால், அதன் வழியே கற்ற வழிகள் அனைத்தையும் அண்டை ரூட்டர் உடனே அழித்துவிடும். பாக்கெட்டுகளைக் கடத்தும் வன்பொருள் நன்றாக இருக்கும்போதே, அதற்கு வர வேண்டிய போக்குவரத்து வேறு பக்கம் திரும்பிவிடும். எனவே பழுதுக்குப் பின் அமர்வின் நினைவை அண்டை ரூட்டர் காக்க வேண்டுமா, நாமே காக்க வேண்டுமா என்பதுதான் முதலில் தீர்க்க வேண்டியது.

2. அண்டை ரூட்டரின் பொறுமை

2007இல் வெளியான இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 4724 முதல் வழியை வகுத்தது. கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் என்பது அதன் பெயர். அமர்வு தொடங்கும்போதே இரு ரூட்டர்களும் இதற்கு உடன்பட்டிருக்க வேண்டும். பிறகு இணைப்பு அறுந்தால், அண்டை ரூட்டர் வழிகளை அழிக்காமல் 'பழையவை' என்று குறித்துவைத்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதற்கு 12 பிட் இடம் இருக்கிறது. அதாவது உச்சம் 4095 விநாடி. திரும்பி வரும் ரூட்டர், 'என் லைன் கார்டுகளில் அட்டவணை அப்படியே இருக்கிறது' என்பதை ஒரு பிட்டை ஏற்றிச் சொல்ல வேண்டும். அந்த பிட் இல்லையென்றால் பழைய வழிகள் உடனே நீக்கப்படும். எல்லா வழிகளையும் மீண்டும் அறிவித்து முடித்ததும் 'இத்தோடு முடிந்தது' என்னும் அடையாளச் செய்தி போகும். சாதாரண ஐபிவி4 வழிகளுக்கு அது வெறும் 23 பைட். அதுவரை புதுப்பிக்கப்படாத பழைய வழிகள் அப்போது நீங்கும்.

ஆனால் காத்திருக்கும் நேரத்தில் அட்டவணை உறைந்தே கிடக்கிறது. அதற்குள் வலையின் வேறோர் இணைப்பு விழுந்தால் பாக்கெட்டுகள் சுழலில் சிக்கும், அல்லது காணாமற்போகும். மற்றொரு வழிகாண் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப்புக்கு 2003இல் வந்த ஆர்எஃப்சி 3623 இதை முன்கூட்டியே எண்ணிப்பார்த்தது: வலையமைப்பில் தொடர்புடைய மாற்றம் தெரிந்தால் அண்டை ரூட்டர் பொறுமையைக் கைவிட வேண்டும் என்றது. பிஜிபியில் அத்தகைய காவல் இல்லை.

பழுதை விரைந்து கண்டுபிடிக்க வைக்கும் பிஎஃப்டி இன்னொரு முரண்பாட்டைக் கொண்டுவருகிறது. 300 மில்லிவிநாடிக்கு ஒரு செய்தி, மூன்று தவறினால் பழுது என்று அமைத்திருந்தால், 0.9 விநாடியில் அது அபாயமணி அடித்துவிடும். பிஎஃப்டி ரூட் பிராசஸரிலேயே ஓடினால், பலகை மாறுவதையே தடம் அறுந்ததாக அது எடுத்துக்கொள்ளும். லைன் கார்டில் ஓடினால்தான் அதன் சொல்லுக்குப் பொருள் உண்டு. இதை அண்டைக்குத் தெரிவிக்கவே அதன் செய்தியில் ஒரு தனி பிட் இருக்கிறது.

3. தன்னிடமே நகல்

இரண்டாவது வழி நான்-ஸ்டாப் ரூட்டிங்: அமர்வின் நிலையைக் காத்திருக்கும் பலகையிலும் நகலாக வைத்திருப்பது. அண்டை ரூட்டருக்கு எதுவுமே தெரியக்கூடாது. அதன் ஒத்துழைப்பும் தேவையில்லை. வாடிக்கையாளர் ரூட்டர்கள் நம் கட்டுப்பாட்டில் இல்லாத விளிம்பில் இதுவே சரியான வழி என்பது என் முடிவு.

இதன் நுட்பம் டிசிபியின் வரிசை எண்ணில் இருக்கிறது. அண்டை ரூட்டர் 5000ஆம் பைட் வரை அனுப்பியிருக்கிறது என்று கொள்வோம். இயங்கும் பலகை அதைப் பெற்று உடனே 'கிடைத்தது' என்று ஒப்புகை அனுப்பிவிட்டது; காத்திருக்கும் பலகைக்கோ 4800 வரைதான் நகல் வந்திருக்கிறது. அந்த நொடியில் முதல் பலகை செத்தால், நடுவிலுள்ள 200 பைட்டுகள் எவரிடமும் இல்லை. ஒப்புகை கிடைத்ததால் அண்டை தன் இடைநினைவிலிருந்து அவற்றை நீக்கியிருக்கும். மறுபடி கேட்க வழியே இல்லை. எனவே காத்திருக்கும் பலகை பெற்றுக்கொண்ட பிறகே ஒப்புகை வெளியே போக வேண்டும். அனுப்பும் திசையிலும் இதே ஒழுங்குதான்: காத்திருக்கும் பலகையிடம் பதிந்த பிறகே பைட்டுகள் கம்பியில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் தான் அறியாத பைட்டுக்கு வரும் ஒப்புகையைப் புதிய பலகையால் புரிந்துகொள்ள முடியாது.

காலக்கெடுவும் உண்டு. பிஜிபியின் அடிப்படை ஆவணமான ஆர்எஃப்சி 4271 பரிந்துரைக்கும் பிடிப்பு நேரம், அதாவது எதிர்முனையிலிருந்து செய்தி வராவிட்டாலும் அமர்வை வைத்திருக்கும் நேரம், 90 விநாடி. ஆனால் அண்டை 3 விநாடி வரை குறைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அப்படிக் குறைத்திருந்தால், பலகை மாறுவதும் அடுத்த உயிர்ப்புச் செய்தி போய்ச்சேர்வதும் அதற்குள் முடிய வேண்டும்.

4. நகலின் எல்லை

வன்பொருள் பழுதுக்கு நகல் கைகொடுக்கும். மென்பொருள் பிழைக்கு அப்படியல்ல. பிழையான ஒரு வழியறிவிப்பு முதல் பலகையின் நிரலை வீழ்த்தினால், அதே செய்தி இரண்டாவது பலகையிலும் இருக்கும். அங்கே ஓடுவதும் அதே நிரல்தான். ஒப்புகை போயிருக்காவிட்டால் அண்டை அதை மறுபடியும் அனுப்பும். பைட்டுகளைக் காத்த ஒழுங்கே நஞ்சைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டிலும் அண்டை தன் வழிகளையெல்லாம் மீண்டும் அறிவிப்பதால், இதே ஆபத்து உண்டு. 2015இல் வந்த ஆர்எஃப்சி 7606 வேறு முனையிலிருந்து உதவுகிறது: பிழையான பண்பு வந்தால் பெரும்பாலான இடங்களில் அமர்வை அறுக்க வேண்டாம், அந்த வழியை மட்டும் திரும்பப் பெற்றதாகக் கொள்ளலாம் என்கிறது அது.

5. சோதித்தறிதல்

கட்டளை கொடுத்துப் பலகையை மாற்றிப் பார்ப்பது போதாது. அப்போது நிரல்கள் ஒழுங்காக விடைபெற அவகாசம் கிடைத்துவிடுகிறது. போக்குவரத்து ஓடும்போதே பலகையை உருவி எடுத்துப் பார்க்க வேண்டும். சேவையில் இல்லாத சாதனத்தில், உண்மை அளவிலான வழி அட்டவணையுடன். பிறகு அண்டை ரூட்டரில் அமர்வின் வயதைப் பார்க்க வேண்டும். நான்-ஸ்டாப் ரூட்டிங் வேலை செய்திருந்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும். சுழியிலிருந்து தொடங்கியிருந்தால், ஒரு பாக்கெட்கூட இழக்காமல் இருந்தாலும் நம்மைக் காப்பாற்றியது அண்டையின் பொறுமைதான்.