ஒருசந்தி: கொங்கு மண்ணில் ஒரு தவக்காலச் சொல்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கொங்கு நாட்டு வீடுகளில் ‘ஒருசந்தி’ இருப்பதை நாம் அறிவோம். நாளுக்கு ஒருவேளை மட்டும் உண்டு பெருமாளை வேண்டியிருக்கும் நோன்பு அது. பழைய தமிழ்க் கத்தோலிக்க ஞானோபதேச நூல்களைப் புரட்டினால் அதே சொல் அங்கும் எதிர்ப்படுகிறது. பாஸ்குத் திருநாளுக்கு முந்தைய தவக்காலத்தில் ஒருவேளை உணவோடு நிற்பது ஒருசந்தி. புலால் விலக்குவது சுத்தபோசனம். தவக்காலம் தொடங்கும் நாளுக்கு விபூதிப் புதன் என்றே பெயர் வழங்கியது. இன்று அது திருநீற்றுப் புதன். கோவையில் கோனியம்மன் தேரோடும் மாசியிலும், கொடுமுடிக் காவிரித் தீர்த்தம் காவடியாகப் பழனிக்குப் புறப்படும் பங்குனியிலும்தான் பெரும்பாலும் இந்தத் தவக்காலமும் வருகிறது.

அயலிலிருந்து வந்த சமயம் தன் நோன்புக்கு இம்மண்ணின் சொல்லை எடுத்துக்கொண்டது எளிதாக நடந்துவிடவில்லை. 1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி காவியுடுத்தி, ஒருவேளை மரக்கறி உணவுடன் துறவியாக வாழ்ந்தார். குடுமி, பூணூல், சந்தனம் முதலியவற்றை 1623 ஜனவரியில் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். அதே ஆண்டில் நொபிலி மதுரையை விட்டு வடக்கே நடந்து சேந்தமங்கலம், சேலம் பகுதிகளை அடைந்தார். ஆனால் அவருடைய உணவு முறைக்கு இன்னொரு முகமும் உண்டு. யார் சமைத்தது, யாருடன் உண்பது என்ற சாதி வரம்புகளையும் அவர் கைக்கொள்ள நேர்ந்தது. நோன்பின் தூய்மையும் சாதியின் தூய்மையும் ஒரே இலையில் பரிமாறப்பட்டன எனலாம்.

இந்தச் சிக்கல் 1704இல் வெடித்தது. போப்பாண்டவரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த துர்நோன் பிறப்பித்த ஆணை, கிறிஸ்தவர்கள் இந்துக்களைப் போல் நெற்றியில் நீறு இடுவதைத் தடுத்தது. அதே ஆணை, நோயுற்ற பறையர்களின் குடிசைக்குள் சென்று திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. நீறு பற்றிய தடை நிலைத்தது. ஆண்டுக்கு ஒரு நாள் விபூதிப் புதனன்று இடும் சாம்பல் மட்டும் எஞ்சியது. குடிசையின் வாசலோ நெடுநாள் வழக்காயிற்று. இறுதியில், 1744இல் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் இவ்வாணையை உறுதி செய்த காலத்தில், பறையர்களுக்கெனத் தனிக் குருக்களை ஏற்படுத்துவதே வழியாகக் கண்டனர். அடையாளத்தை விலக்குவது எளிதாயிருந்தது. வாசலைத் தாண்டுவதுதான் அரிதாயிற்று.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் இக்கேள்வி கோவைக்கே வந்தது. அவிநாசிச் சாலையிலுள்ள கருமத்தம்பட்டி இப்பகுதியின் பழைய கத்தோலிக்கத் தலங்களுள் ஒன்று. 1842இல் இந்தியா வந்து 1846இல் ஆயரான மரியோன் பிரெசியாக் அங்கிருந்தே கோவை மறைமாவட்டப் பணியைத் தொடங்கினார். இந்நாட்டவரையே குருக்களாக்க வேண்டும் என்று வாதிட்ட அவருக்கு, சாதி வழக்கங்களை எந்த அளவு ஏற்பது என்பதில் மனச்சாட்சி இடம் தரவில்லை. 1855இல் பொறுப்பைத் துறந்தார். மறு ஆண்டு லியோன் நகரில் ஆப்பிரிக்கப் பணிக்கென ஒரு சபையை நிறுவி, 1859இல் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் மஞ்சள் காய்ச்சலால் மறைந்தார்.

1966 பிப்ரவரியில் போப்பாண்டவர் ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் தளர்த்தினார். கட்டாய ஒருசந்தி திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் என்று சுருங்கியது. மற்ற நாட்களில் என்ன செய்வது என்ற தேர்வு பெரிதும் அவரவரிடம் வந்து சேர்ந்தது. சிலுவைப் பாதையா, துக்க தேவ இரகசியச் செபமாலையா, மௌனமா என்று இன்று பலரும் வினவுகின்றனர்.

மேற்சொன்ன வரலாறு இதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறது என்று கருதுகிறோம். ஒரு வழக்கம் இம்மண்ணுடையதா, அயலுடையதா என்பது மட்டும் போதிய சோதனையன்று. மண்ணின் வழக்கத்தோடு மண்ணின் தீண்டாமையும் உள்ளே வந்ததைக் கண்டோம். பசித்தவனோடு உணவைப் பகிர்வதே உகந்த நோன்பு என்பது ஏசாயா ஆகமத்தின் ஐம்பத்தெட்டாம் அதிகாரம் கூறும் கருத்து. அதன்படி ஒருசந்தியின் பொருள், உண்ணும் ஒருவேளையில் மட்டும் இல்லை. உண்ணாது விட்ட வேளையின் சோறு யாருடைய வாசலுக்குப் போகிறது என்பதிலும் உள்ளது. எச்செபத்தைத் தேர்ந்தாலும், நம் முன்னோர் தயங்கி நின்ற அந்த வாசலுக்குள் நாற்பது நாளில் ஒரு முறையேனும் நுழைந்து, அங்கே அமர்ந்து உண்டு வருவதை அதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.