வகுப்பறை உற்றுநோக்கல்

வகுப்பறை உற்றுநோக்கல் என்பது, பாடம் நடக்கும்போதே மாணவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள், எதைப் புரிந்துகொள்கிறார்கள் என்று நேரில் பார்த்துப் பதிவு செய்யும் முறை. நோக்கம் மாணவரைப் பார்ப்பதே என்றாலும், இதற்கென எழுந்த கருவிகளில் மிகவும் பரவியது பேச்சைத்தான் அளந்தது. அமெரிக்கக் கல்வியாளர் நெட் பிளாண்டர்ஸ் வகுத்த முறையில், ஏறத்தாழ 3 விநாடிக்கு ஒருமுறை வகுப்பில் நடப்பதை 10 வகைகளில் ஒன்றாகக் குறிக்க வேண்டும். அவற்றில் 7 வகை ஆசிரியர் பேச்சுக்கு; மாணவர் பேச்சுக்கு 2. வாய் திறக்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

இது சிறிய குறை அல்ல என்பதற்கு 1973இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் வெளியிட்ட ஆய்வு வலுவான சான்று. மாணவர் தத்தம் வேகத்தில் பயிற்சித்தாள்களை முடித்து, தேர்வில் தேறி அடுத்த படிக்குப் போகும் கணிதத் திட்டத்தில் படித்த 12 வயதுச் சிறுவனிடம் அவர் உட்கார்ந்து பேசினார். நன்றாக முன்னேறுகிறான் என்றே ஆசிரியர் எண்ணியிருந்தார். அவனோ 2/10 என்ற பின்னத்தைத் தசமமாக்க, தொகுதியையும் பகுதியையும் கூட்டி 12 என்றாக்கி, நடுவில் புள்ளி வைத்து 1.2 என்றான். 4/11, 11/4 இரண்டுக்கும் அவனுடைய விடை 1.5. ஒன்று மற்றதைவிடப் பெரிது என்பதுகூட அவனை உறுத்தவில்லை. குனிந்த தலையும் ஓடும் பென்சிலும் கற்றலுக்கு அடையாளம் ஆகா. சரியான விடைகூடச் சில வேளை ஆவதில்லை. ஆகவே உற்றுநோக்கலின் பொருள், மாணவர் விடைக்கு வந்த வழியாகவே இருக்க வேண்டும்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவர் வழியையும் பார்க்க ஆசிரியருக்கு நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. ஜப்பானிய ஆசிரியர்களின் வழக்கத்தில் இதற்கு விடை உண்டு. பிள்ளைகள் கணக்குப் போடும்போது ஆசிரியர் பெஞ்சுகளுக்கிடையே நடந்து, யார் எந்த வழியில் போகிறார் என்று குறித்துக்கொண்டு, யாரை எந்த வரிசையில் கரும்பலகைக்கு அழைப்பது என்று அப்போதே முடிவு செய்கிறார். இங்கே உற்றுநோக்கல் தனிச் சுமையாக வருவதில்லை; பாடமே அதன்மேல்தான் நகர்கிறது. வெளியாள் வந்து நின்றால் பிள்ளைகள் இயல்பு மாறுவார்கள் என்ற தடையும், பார்ப்பவர் சொந்த ஆசிரியராக இருக்கும்போது பெரிதும் குறைகிறது. பார்வைக்கு எட்டாததைக் கேட்டுத்தான் அறிய வேண்டும் என்பதும் உண்மையே. ஆனால் கேட்டால் போதாது, காத்திருக்கவும் வேண்டும். கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் பொதுவாக 1 விநாடி அளவே பொறுக்கிறார்கள் என்றும், அதை 3 விநாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீள்வதோடு வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார்.