கடிகாரம் கூறாத கணக்கு

பெங்களூர்க் கார்ப்பந்தய ஆர்வலர்கள் நெடுங்காலமாக நம் தமிழகத்தை நாடி வருபவர்கள். முன்னர்ச் சோழவரத்துப் போர்க்கால விமானத்தளத்தில் ஓட்டினார்கள்; 1990-க்குப் பின் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓட்டுகிறார்கள்.

அந்நாளில் அவர்களுக்குக் கிடைத்த சான்று ஸ்டாப்வாட்ச் ஒன்றே. ஒரு சுற்றுக்கு எத்தனை வினாடி என்று அது கூறும். எந்த வளைவில் வினாடி வீணாயிற்று என்று கூறாது. அதற்கு ஓட்டியவரின் நினைவையே நம்பவேண்டும். நினைவோ தன் குறையை எளிதில் காட்டாது.

உலகப் பெருங்குழுக்கள் 1980-களிலேயே காரில் பதிவுக்கருவி பொருத்தின. எளிய கழகத்தாருக்கு வழி திறந்தது 2000 மே மாதத்தில். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். குறிகளில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்துவந்த, 100 மீட்டர் வரையிலான பிழை அப்போது நீக்கப்பட்டது. இன்று உள்ளங்கையளவுக் கருவி இடத்தையும் வேகத்தையும் வினாடிக்கு 10 முறை குறித்துவைக்கிறது. இரு சுற்றுகளின் கோடுகளை ஒப்பிட்டால், அஞ்சி முன்னரே பிரேக் பிடித்த இடம் புலப்படும்.

செல்வர்க்கே உரியதாயிருந்த உண்மை, சேமிப்பைச் செலவிட்டு ஓட்டுபவருக்கும் கிட்டியதை நாம் வரவேற்கிறோம்.