ஐமவுத்: கண்ணெதிரே நடந்த துயரம்

ஸ்காட்லாந்தின் தென்கிழக்குக் கரையில் உள்ள மீன்பிடி ஊர் ஐமவுத். அங்கே குடும்பத்தோடு சுற்றுலா செல்பவர்கள், கடலைப் பார்த்தபடி நிற்கும் பெண்கள், குழந்தைகளின் வெண்கலச் சிற்பத்தைக் காணலாம். 2016-ல் நிறுவப்பட்ட அச்சிற்பத்தின் பின்னால் ஒரு துயர வரலாறு உண்டு.

1881 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. பல நாட்கள் மோசமான வானிலை; மீன்பிடிப்பே இல்லை. அன்று காலை கடல் அமைதியாக இருந்தது. காற்றழுத்தமானி ஆபத்தைக் காட்டியது. ஆனாலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! படகுகள் புறப்பட்டன.

நண்பகலில் புயல் தாக்கியது. திரும்பி வந்த சில படகுகள் துறைமுக வாயிலருகே பாறைகளில் மோதி உடைந்தன. கரையில் நின்ற மனைவி மக்களின் கண்ணெதிரிலேயே பலர் மூழ்கினர்.

அக்கரையோர ஊர்களில் மொத்தம் 189 மீனவர்கள் மாண்டனர். அவர்களில் 129 பேர் ஐமவுத்தைச் சேர்ந்தவர்கள். கருவி எச்சரித்தது, வறுமை கேட்கவிடவில்லை.