குன்னூர் எலிகளும் கடைத்தட்டுச் சத்துகளும்

குன்னூரின் சிம்ஸ் பூங்காவைக் காணச் செல்வோர், அதன் அருகிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தை நாய்க்கடி மருந்தோடு மட்டுமே சேர்த்து நினைப்பர். இந்தியர் உண்ணும் உணவை அறிவியல் எடைபோடத் தொடங்கியதும் அங்கேதான். 1907இல் திறக்கப்பட்ட அந்நிறுவனத்தின் ஓர் அறையில், 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்னும் ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று நாம் அறிவது அதைத்தான்.

பெரிபெரி, ஆலையில் பளபளப்பாகத் தீட்டிய அரிசியோடு வந்த நோய். வெண்மைக்காகக் களைந்த தவிட்டோடு தயமின் என்னும் உயிர்ச்சத்தும் போய்விடுகிறது. நெல்லைப் புழுக்கிக் குத்தினாலோ அச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே தங்கிவிடும். புழுங்கலரிசிச் சோற்றை ஏழையின் சோறு என்று எள்ளிய வீடுகளை நாம் அறிவோம். அறிவியல் அந்த ஏழையின் பக்கம் நின்றது.

மெக்காரிசனின் எலிச் சோதனைகள் புகழ்பெற்றவை. இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி கொண்ட சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. நம் சென்னை மாகாணத்தின் அரிசியுணவு கடைசி வரிசையில் நின்றது. நமக்கு உவப்பான முடிவன்று, ஆயினும் மறைப்பதற்கில்லை.

மற்றொரு சோதனை இன்னும் கூர்மையானது. இங்கிலாந்தின் எளிய மக்கள் உண்ட வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை மிகுந்த தேநீர், டப்பா இறைச்சி, மலிவான ஜாம், வேகவைத்த முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும்: இவையே ஒரு கூண்டு எலிகளுக்கு உணவு. அவை வளர்ச்சி குன்றின, பராமரித்தவர்களைக் கடித்தன, அறுபதாம் நாளையொட்டி, தம்முள் வலுவற்றவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. எலி மனிதனன்று என்பது உண்மையே. எனினும், ஆலையில் உருமாறிய உணவைப் பற்றி நீலகிரியிலிருந்து இவ்வளவு முன்பே ஓர் எச்சரிக்கை எழுந்தது என்பதைத் தமிழ் வாசகருள் எத்தனை பேர் அறிவர்?

மெக்காரிசன் வலியுறுத்தியது முழு உணவை. வணிகம் எடுத்துக்கொண்டதோ ‘சத்து’ என்ற சொல்லை. இன்று அதே குன்னூரின், ஊட்டியின் சூப்பர் மார்க்கெட் தட்டுகளில் வைட்டமின் சேர்த்த பிஸ்கட்டும் நார்ச்சத்து மிகுந்த நூடுல்ஸும் அடுக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்துப் பேக்கரியில் விற்கும் வர்க்கி, மைதாவும் கொழுப்பும்தான். ஆனால் அது தன்னை மருந்தென்று சொல்லிக்கொள்வதில்லை. முதலில் சத்தைக் களைவது, பிறகு அதிலொரு துளியைத் திரும்பச் சேர்ப்பது, சேர்த்த துளியைப் பொட்டலத்தின் முகப்பில் பெரிதாக அச்சிடுவது என்பதே இவ்வணிகத்தின் வழிமுறை. சர்க்கரையின் அளவு பின்புறத்துச் சிற்றெழுத்தில் ஒடுங்கிவிடுகிறது.

‘ஆரோக்கிய பானம்’ என்ற வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஏப்ரலில் கூறியது; மால்ட் பானங்களை அப்பெயரில் விற்க வேண்டாமென இணைய வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. நோயாளியைப் பார்க்கப் போகும்போது அந்தப் புட்டியோடு சென்ற தலைமுறைகளுக்கு இது காலந்தாழ்ந்த செய்தி. அடுத்த மாதமே, குன்னூரில் பிறந்த அதே நிறுவனம் ஐதராபாத்திலிருந்து உணவு நெறிகளை வெளியிட்டது. ‘உண்மையான பழம்’ என்று சொல்லும் பானத்தில் பத்து விழுக்காடே பழம் இருக்கலாம், ‘சர்க்கரையற்ற’ பண்டத்தில் கொழுப்பு மிகுந்திருக்கலாம் என அது எச்சரித்தது.

ஆணையம் 2022இல் முன்வைத்த நட்சத்திர முத்திரை வரைவையும் இவ்வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகியவற்றுக்கான புள்ளிகளை, பழம், பருப்பு, நார்ச்சத்து ஆகியவற்றால் ஈடுகட்ட அவ்வரைவு இடமளித்தது. நட்சத்திரம் வேண்டாம், நேரடியான எச்சரிக்கையே வேண்டும் என்று பொதுநல மருத்துவர்கள் எதிர்த்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.