நரி சொன்ன சமாதானம்: கோழிக்கூட்டைச் சுற்றிய ஊர்க்கதைகள்

வன்னிக் கிராமங்களில் கோழி நின்ற வளவுகளில் நரி, மரநாய், கீரி, பருந்து பற்றிய கதைகளும் இருந்தன. பொழுதுபட்டபின் அம்மம்மாவும் அப்பாச்சியும் சொன்ன அக்கதைகளோடு, கூட்டைக் காக்கும் அறிவும் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது.

அவற்றுள் பலரும் அறிந்தது சேவலும் நரியும் கதை. "விலங்குகளுக்கு இடையில் சமாதானம் வந்துவிட்டது, இறங்கி வா" என்று மரத்தில் இருந்த சேவலை நரி அழைக்கிறது. சேவல் தூரத்தே பார்த்து, "இரண்டு நாய்கள் ஓடி வருகின்றன, அவையும் இதைச் சொல்லத்தான் வருகின்றனவோ?" என்கிறது. நரி ஓட்டம் பிடிக்கிறது. "ஏன் ஓடுகிறாய்?" என்று சேவல் கேட்க, "நாய்களுக்கு இன்னும் செய்தி கிடைக்கவில்லைப் போலும்" என்கிறது நரி. ஈசாப் கதைத் தொகுதிகளிலும் இடம்பெறும் இக்கதை பல நாடுகளில் சொல்லப்படுகிறது. சமாதான அறிவிப்புகள் பலவற்றைக் கேட்டுவிட்ட எமக்கு அதன் சிரிப்பில் கசப்பும் உண்டு.

எந்த விலங்கு எப்போது வரும் என்பதை ஊரவர் நன்கறிந்திருந்தனர். இலங்கைக் காடுகளில் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரே விலங்கான நரி, அந்திக்கும் விடியலுக்கும் இடையில் வரும். மரநாய் இரவில் மரம் ஏறிக் கூரைவழி இறங்கும். பனையில் கட்டிய முட்டியில் கள்ளும் குடிக்கும். கீரியும் பருந்தும் பகல் கள்வர். பாம்பைக் கொல்வதால் கீரிக்கு மட்டும் பாதி மன்னிப்பு உண்டு. 'பிராந்து' என ஊரில் அழைக்கப்படும் பருந்துக்குப் பயந்தே குஞ்சுகளைக் கரப்பால் மூடினர். தாய்க்கோழியின் பின்னால் பிள்ளைகள் வரிசையாகப் பிடித்து நிற்க, பருந்து கடைசிக் குஞ்சைப் பிடிக்க முயலும் விளையாட்டும் இதையே பழக்கியது.

கோழி திருடும் நரியே அதிர்ஷ்டமும் தரும் என்பது மற்றொரு நம்பிக்கை. நினைத்ததை நிறைவேற்றும் எனக் கருதப்பட்ட நரிக்கொம்பைப் பற்றி, இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியான தமது நூலில் எழுதியுள்ளார்.

இடப்பெயர்வுகளில் கூடுகளும் கோழிகளும் கைவிடப்பட்டன. கதை சொன்னவர்கள் பலரும் இன்று இல்லை. 2009இன் பின் மீள்குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு, குறிப்பாகப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு, கோழி வளர்ப்பு மீண்டும் வாழ்வாதாரமாகியுள்ளது. பற்றை மண்டிய வளவுகளில் கீரியும் மரநாயும் இன்றும் உண்டு. வீட்டில் ஆச்சி இருந்தால், அவர் அறிந்த கதையை இன்றிரவே கேட்டு எழுதி வையுங்கள்.